அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஆள் சேர்ப்பும் வாய்ப்பூட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் கூடைப்பந்தில் கெட்டிக்காரன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் அவன் போன் ஓயாது. கோச், ரசிகர், முன்னாள் மாணவர், பணக்கார ஆதரவாளர் என்று ஆளாளுக்கு அவனிடம் பேசப் பார்ப்பார்கள். அவர்களில் யார் பேசலாம், எப்போது பேசலாம், எந்த அளவுக்குப் பேசலாம் என்று சொல்லத் தடிமனான விதிப்புத்தகம் ஒன்று உண்டு. சமூக ஊடகம் வந்தபிறகு அந்தப் புத்தகம் பேச்சுரிமையோடு பலமுறை மோதியிருக்கிறது. அந்த மோதல்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ரெக்ரூட்டிங் என்றால் சரியாக என்ன?

பள்ளியில் நன்றாக விளையாடும் மாணவர்களைக் கல்லூரி கோச்சுகள் தேடிப் பிடித்து, ஸ்காலர்ஷிப் கொடுத்துத் தங்கள் அணிக்கு இழுப்பதுதான் ரெக்ரூட்டிங். டென்னிஸ், நீச்சல், வாலிபால் எல்லாவற்றிலும் இது நடக்கிறது. கூடைப்பந்திலும், ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பாலிலும்தான் பெரும் பணம் புரள்கிறது. இதற்கான விதிகளை வகுப்பது 1906-ல் தொடங்கிய என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம். கல்லூரிகள்தான் அதன் உறுப்பினர்கள். விதியை மீறினால் கல்லூரிக்கும் தண்டனை. அதனால் ஒவ்வொரு கல்லூரியும் விதிமீறல் நடக்காமல் பார்த்துக்கொள்ளத் தனி அலுவலகமே வைத்திருக்கிறது.

2009-ல் ஒரு ஃபேஸ்புக் குழுவுக்காகக் கல்லூரி மாணவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனதாமே, என்ன விஷயம்?

ஜான் வால் அப்போது வட கரோலினாவின் ராலே நகரத்தில் பள்ளி மாணவர். நாட்டிலேயே முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்ட கூடைப்பந்து வீரர். அதே ராலேயில்தான் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 'நம்ம ஊர்ப் பையன் நம்ம கல்லூரிக்கே வரட்டும்' என்று அங்கே படித்த மாணவர் ஒருவர் ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார். ஜான் வால் எங்கள் கல்லூரிக்குத் தயவுசெய்து வாருங்கள் என்பதுதான் குழுவின் பெயரே. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர் பணம் திரட்டவில்லை, பரிசு தருவதாகச் சொல்லவில்லை, வாலைத் தேடிப்போய்ப் பார்க்கவும் இல்லை.

பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. இது ரெக்ரூட்டிங் விதிக்கு எதிரானது, உடனே நிறுத்து, இல்லாவிட்டால் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று அதில் இருந்தது. ஒரு மாநில அரசின் பல்கலைக்கழகம் தன் மாணவனிடம், நீ விரும்புவதை உன் சொந்தப் பக்கத்தில் எழுதாதே என்று சொன்ன கடிதம் அது. மாணவர் உரிமைக்காக வாதாடும் ஃபயர் அமைப்பு இதைக் கண்டித்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போகவில்லை. கடைசியில் வால் கென்டக்கிக்குப் போய் ஒரே ஒரு சீசன் ஆடினார். 2010-ல் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புது வீரர்களைப் பிரித்துக்கொண்டபோது, முதல் ஆளாக வாஷிங்டன் அணி அவரை எடுத்தது.

வெறும் ரசிகர் எப்படி விதிக்குள் வந்தார்?

'பூஸ்டர்' என்ற சொல் வழியாக வந்தார். கல்லூரி விளையாட்டுக்கு நன்கொடை கொடுத்தவர், ஆதரவாளர் சங்கத்தில் இருப்பவர், வீரர்களுக்கு உதவி செய்தவர் எல்லோரும் என்.சி.ஏ.ஏ. கணக்கில் பூஸ்டர்கள். ஒருமுறை பூஸ்டர் ஆகிவிட்டால் ஆயுள் முழுக்கப் பூஸ்டர்தான். அவர்கள் கல்லூரியின் சார்பில் பள்ளி வீரர்களை அணுகக் கூடாது.

சிக்கல் எங்கே என்றால், வீரர்களைச் சேர்க்க உதவுகிறவரும் பூஸ்டர் என்று அந்த வரையறையிலேயே இருக்கிறது. அதாவது, பூஸ்டர் என்பதால் நீ வீரரை அழைக்கக் கூடாது. நீ ஏன் பூஸ்டர் ஆனாய் என்றால், வீரரை அழைத்ததால். இந்த வட்டத்துக்குள் யாரை வேண்டுமானாலும் இழுத்துப் போடலாம். டிக்கெட் வாங்கவே காசில்லாத முதலாண்டு மாணவனுக்கும், ஸ்டேடியத்துக்கே தன் பெயரை வைக்கும் அளவுக்குக் கொடுக்கும் எண்ணெய்க் கம்பெனி முதலாளிக்கும் ஒரே விதி என்று ஆகிவிட்டது. இந்த விவகாரத்தில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். பணத்தைக் கட்டுப்படுத்தப் போட்ட வேலி, பணமே இல்லாதவனின் பேச்சைத் தடுத்தது.

ஆனால் அந்த விதி காரணமில்லாமல் வந்ததில்லையே?

உண்மைதான். டல்லாஸில் உள்ள சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆதரவாளர்கள் ஃபுட்பால் வீரர்களுக்கு வருடக்கணக்கில் ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தார்கள். அதற்காக 1987-ல் அந்த அணியின் ஒரு சீசன் முழுவதையும் என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. 'மரண தண்டனை' என்றே அதற்குப் பெயர் வந்தது. அந்த அணி தலைநிமிரப் பல ஆண்டுகள் ஆயின. பள்ளிப் பிள்ளைகளைப் பெரிய மனிதர்களின் நெருக்கடியிலிருந்து காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் தவறு காண முடியாது. பணத்துக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் பார்க்காமல் இரண்டையும் ஒரே விதியில் அடைத்ததுதான் தவறு.

அரசியல் சாசனம் என்.சி.ஏ.ஏ.வைக் கட்டுப்படுத்தாதா?

கட்டுப்படுத்தாது. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் கையை அல்ல. லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் ஜெர்ரி டார்க்கேனியன் தொடர்ந்த வழக்கில், என்.சி.ஏ.ஏ. அரசு அமைப்பு அல்ல என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

பல்கலைக்கழகத்தின் கதை வேறு. மாநில அரசு நடத்தும் பல்கலைக்கழகம் அரசுதான். பொதுக் கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்துவிட்டதால் மாணவரின் பேச்சுரிமை குறைந்துவிடாது என்பது 1972-ல் ஹீலி வழக்கிலேயே முடிவான விஷயம். எனவே 'சங்கத்தின் விதி, நாங்கள் என்ன செய்வது' என்று ஒரு அரசுப் பல்கலைக்கழகம் கையை விரித்தால் அது சரியான பதில் ஆகாது என்பது என் கருத்து. கடிதத்தில் கையெழுத்துப் போட்டது அரசு அலுவலகம். தனியார் சங்கத்தின் விதியை நிறைவேற்றினாலும் அரசு அரசுதான்.

மார்க்கெட் (Marquette), நார்த்வெஸ்டர்ன் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முதல் திருத்தம் பொருந்தாது. அங்கே கல்லூரி தன் மாணவர் கையேட்டில் கொடுத்திருக்கும் வாக்குறுதியும் மாநிலச் சட்டங்களும்தான் கைகொடுக்க வேண்டும்.

கோச்சுகள் சமூக ஊடகத்தில் என்ன செய்யலாம்?

இதில் விதிகள் அடிக்கடி மாறியிருக்கின்றன. ராத்திரி பகல் பார்க்காமல் கோச்சுகள் குறுஞ்செய்தி அனுப்பித் தொல்லை கொடுக்கிறார்கள் என்று 2007 ஆகஸ்டிலிருந்து குறுஞ்செய்திக்கு மொத்தமாகத் தடை போட்டார்கள். ஆனால் மின்னஞ்சலுக்குத் தடை இல்லை. ஃபேஸ்புக்கில் தனிச்செய்தி அனுப்பினால் அது மின்னஞ்சலுக்குச் சமம், சரி. அதையே அந்தப் பையனின் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதினால் விதிமீறல். ஆண்கள் கூடைப்பந்தில் 2012-லும் ஃபுட்பாலில் 2016-லும் குறுஞ்செய்தித் தடை நீங்கியது.

அந்த 2016-ல் வந்த இன்னொரு மாற்றம், பள்ளி வீரரின் பதிவுக்குக் கோச் லைக் போடலாம், பகிரலாம், ஆனால் ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்பது. விரலால் தட்டலாம், தட்டச்சு செய்யக் கூடாது என்று கோச்சுகள் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். வீரர் முறைப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை அவரைப் பற்றிக் கோச் பொதுவெளியில் புகழ்ந்து பேசக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. அதனால்தான் ஒரு வீரர் வருவதாகச் சொன்ன நிமிடத்தில் கோச்சுகள் யார் பெயரும் இல்லாமல் ஒரு படத்தையோ, ஒற்றைச் சொல்லையோ பதிவிடுகிறார்கள். யாரைப் பற்றி என்பது ரசிகர்களுக்குப் புரிந்துவிடும்.

கோச்சின் பேச்சுக்கு இப்படிக் கட்டுப்பாடு போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர், வேலை நேரத்தில் வேலைக்காகப் பேசுகிறார்.

பழைய பதிவைப் பார்த்துவிட்டு ஒரு வீரரை வேண்டாம் என்று கோச் ஒதுக்கலாமா?

ஒதுக்கலாம், ஒதுக்குகிறார்கள். 2014 ஜூலையில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவி கோச் ஹெர்ப் ஹேண்ட், சமூக ஊடகத்தில் நடந்துகொண்ட விதத்துக்காக இன்னொரு வீரரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகப் பகிரங்கமாகவே ட்விட்டரில் எழுதினார். ஸ்காலர்ஷிப் யாருக்கும் உரிமை அல்ல. தேர்ந்தெடுப்பது கோச்சின் முடிவு. ஒரு கோச் வாயைத் திறக்காமல் அழைப்பதை நிறுத்திவிட்டால், காரணம் இன்னதுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பேச்சுரிமை இருக்கிறதே என்று நம்பி இருக்கும் பெற்றோர் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

சேர்க்கை கொடுத்துவிட்டுத் திரும்பப் பறிப்பது வேறு விஷயம். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிந்தைய கொந்தளிப்பில், இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. மார்க்கெட் பல்கலைக்கழகம், லக்ரோஸ் என்ற வலைமட்டைப் பந்தாட்டத்தின் அணியில் சேர இருந்த மாணவி ஸ்னாப்சாட்டில் எழுதிய ஒரு கருத்துக்காக அவருடைய சேர்க்கையையும் ஸ்காலர்ஷிப்பையும் ரத்து செய்தது. டென்னசி பல்கலைக்கழகத்தின் சியர் அணியில் (ஆட்டத்தின்போது உற்சாகமூட்டும் அணி) இடம் பெற்றிருந்த இன்னொரு பெண், பதினைந்து வயதில் பேசிய சில நொடி வீடியோவில் ஒரு இனவசைச் சொல் இருந்ததால் அணியிலிருந்து நீக்கப்பட்டு, நெருக்கடியால் சேர்க்கையையும் விட்டுக்கொடுத்தார். முதலாவது தனியார் கல்லூரி, இரண்டாவது அரசுப் பல்கலைக்கழகம். இரண்டு பெண்களும் சொன்னது புண்படுத்தும் பேச்சுதான். அப்படியிருந்தும், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசுப் பல்கலைக்கழகம் பொதுமக்களின் கோபத்தைப் பார்த்து ஒரு மாணவியை விலகச் சொல்வது சரியல்ல என்றே நினைக்கிறேன். பதினைந்து வயதில் பேசியதைப் பதினெட்டில் தூக்கிக்கொண்டு வந்தால் யார்தான் தேறுவார்கள்?

வயது வந்த பிறகும் இது விடுவதில்லை. 2018 டிசம்பரில் ஓக்லஹோமாவின் கைலர் மர்ரி கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய அதே இரவில், அவர் பள்ளிப் பையனாக இருந்தபோது எழுதிய பழைய ட்வீட்டுகளை யாரோ தோண்டி எடுத்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

பள்ளியில் படிக்கும்போது வீட்டிலிருந்து போட்ட பதிவுக்குப் பள்ளி தண்டிக்கலாமா?

அரசுப் பள்ளி என்றால் பெரும்பாலும் முடியாது. பென்சில்வேனியாவில் மஹனாய் என்ற ஊரில் ஒரு மாணவி சியர் அணியின் முதல் வரிசைக்குத் தேர்வாகவில்லை. வார விடுமுறையில் ஒரு பெட்டிக்கடையில் நின்றுகொண்டு, தோழியோடு நடுவிரலைக் காட்டும் படத்தை ஸ்னாப்சாட்டில் போட்டு, பள்ளியையும் அணியையும் கெட்ட வார்த்தையில் திட்டினார். இருபத்துநாலு மணி நேரத்தில் அழிந்துவிடும் பதிவு. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோச்சிடம் காட்டிவிட்டார்கள். ஒரு வருடம் அணியிலிருந்து விலக்கினார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் மாணவியின் பக்கம் நின்றது. பள்ளிக்கு வெளியே, பள்ளி நேரம் அல்லாதபோது பேசுவதற்குப் பள்ளி எளிதில் தண்டனை கொடுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். மிரட்டல், கடுமையான கேலித் தொல்லை போன்றவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு நீளாது.

தனியார் பள்ளி மாணவர்களுக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. 2012-ல் நியூ ஜெர்சியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி, ஆபாசமான ட்வீட்டுகளுக்காகத் தன் ஃபுட்பால் வீரரை வெளியேற்றியது. அவரை எடுக்க முயன்றுகொண்டிருந்த மிச்சிகன் பல்கலைக்கழகமும் பின்வாங்கியது. கொலராடோ அவரைச் சேர்த்துக்கொண்டது.

கல்லூரி அணியில் சேர்ந்த பிறகு?

அணி விதிகள் என்ற பெயரில் கூடுதல் கட்டுப்பாடு வரும். 2011-ல் தென் கரோலினாவின் கோச் ஸ்டீவ் ஸ்பரியர் வீரர்களை ட்விட்டரே பயன்படுத்தக் கூடாது என்றார். கிளெம்சன் அணியில் சீசன் முழுக்க சமூக ஊடகத்தை நிறுத்தி வைப்பது வழக்கமாகவே இருந்தது. இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். வீரர்களே ஒப்புக்கொண்டதுதானே என்பார்கள். ஆடும் வாய்ப்பைக் கையில் வைத்திருப்பவர் கேட்கும்போது வீரரால் மறுக்க முடியுமா?

கல்லூரிகள் பயந்ததற்கும் காரணம் உண்டு. 2010-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் வீரர் ஒருவர் மயாமி இரவு வாழ்க்கை பற்றிப் போட்ட ஒரு ட்வீட்டில் தொடங்கி, என்.சி.ஏ.ஏ. விசாரணை பெரிதாகி, 2012-ல் ஒரு வருடம் சீசன் முடிவுப் போட்டிகளுக்குத் தடையும் 15 ஸ்காலர்ஷிப் இழப்புமாக முடிந்தது. அதன்பிறகு வீரர்களின் பக்கங்களைக் கண்காணிக்கத் தனி நிறுவனங்களைக் கல்லூரிகள் அமர்த்தின. சில இடங்களில் பாஸ்வேர்டையே கேட்டார்கள். 2012-ல் டெலவேரும் கலிஃபோர்னியாவும் கல்லூரிகள் மாணவரின் பாஸ்வேர்டைக் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டன. வேறு மாநிலங்களும் பின்னால் வந்தன. தனியார் பல்கலைக்கழகமான நார்த்வெஸ்டர்னில் ஃபுட்பால் வீரர்களுக்குப் போட்டிருந்த சமூக ஊடக விதிகள், தொழிலாளர் உறவு வாரியத்தின் சட்ட அலுவலகம் ஆட்சேபித்த பிறகு தளர்த்தப்பட்டன.

ஒரே ஒரு ட்வீட்டை வைத்து ஒருவரை எடைபோடும் கோச்சுகளுக்கு நான் கார்டேல் ஜோன்ஸைச் சொல்வேன். 2012-ல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில், ஃபுட்பால் ஆட வந்த எங்களுக்கு வகுப்பு எதற்கு என்ற பொருளில் எழுதி நாடு முழுக்கத் திட்டு வாங்கினார். 2015 ஜனவரியில் அவர்தான் தேசியக் கோப்பையை வாங்கித் தந்த குவார்ட்டர்பேக், அதாவது அணியின் ஆட்டத்தை நடத்துபவர். தொழில்முறை ஆட்டத்துக்குப் போன பிறகும் படிப்பை விடாமல் 2017-ல் பட்டம் வாங்கினார்.

இப்போது வீரர்கள் தங்கள் பெயரில் சம்பாதிக்கலாமே, விதிகள் எல்லாம் போய்விட்டனவா?

பாதி போய்விட்டன. 2017-ல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் பந்தை உதைக்கும் வேலை பார்த்த டொனால்ட் டி லா ஹே, யூடியூப் சேனலில் விளம்பர வருமானம் பெற்றதற்காக ஆடும் தகுதியை இழந்தார். வீடியோவை நிறுத்து அல்லது ஆட்டத்தை நிறுத்து என்ற நிலை வந்தபோது அவர் வீடியோவைத் தேர்ந்தெடுத்தார், பேச்சுரிமையின் பேரில் பல்கலைக்கழகத்தின் மீது வழக்கும் போட்டார். 2018-ல் சமரசம் ஆனது. 2021 ஜூலை 1-லிருந்து பெயர், உருவம், சாயல் ஆகியவற்றை வைத்து வீரர்கள் சம்பாதிக்க என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. நாலு வருடம் முந்திப் பிறந்த பாவம் அவருக்கு.

அப்புறம் 2024 பிப்ரவரியில், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்கள் தொடுத்த வழக்கில், சேர்வதற்கு முன்பே வீரர்களோடு இந்த வருமானம் பற்றிப் பேசக் கூடாது என்ற விதியை அமல்படுத்தக் கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது. ஆதரவாளர்களின் கூட்டமைப்புகள் இப்போது பள்ளி வீரரிடம் நேரடியாகத் தொகையே பேசுகின்றன. வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடர்ந்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே வீரர்களுக்குப் பணம் கொடுக்கின்றன. 2009-ல் 'தயவுசெய்து வா' என்று எழுதிய மாணவனுக்கு எச்சரிக்கை போன நாட்டில், 2024-ல் பணப்பெட்டியோடு வருபவர் பேசலாம் என்றானது. பணத்துக்கே கதவு திறந்தாயிற்று, இனி ரசிகனின் பதிவைத் தடுக்க என்ன நியாயம் மிச்சம் இருக்கிறது?

அப்படியானால் ரசிகர்கள் பள்ளி வீரரை டேக் செய்து என்ன வேண்டுமானாலும் எழுதலாமா?

வரவேற்கலாம், வா என்று கெஞ்சலாம், வேறு கல்லூரிக்குப் போனால் வருத்தப்படலாம். பல கல்லூரிகளின் விதி அலுவலகங்கள், வீரர்களைத் தொடர்புகொள்ளாதீர்கள் என்று இன்னமும் ரசிகர்களுக்கு அறிவுரை சொல்கின்றன. அறிவுரையாக இருக்கும் வரை சரி.

மிரட்டலுக்குப் பேச்சுரிமை கிடையாது. தன் சொல் மிரட்டலாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று தெரிந்தும் அலட்சியமாக எழுதினால் தண்டிக்கலாம் என்று 2023-ல் கவுண்டர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை விடுங்கள், மனம் மாறிய ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் போய் நூறு பேர் வசை எழுதுவது அசிங்கம்.

இந்தியாவிலிருந்து போகும் வீரர்களுக்கு ஏதாவது தனியாக உண்டா?

உண்டு. சென்னையில் டென்னிஸ் பழகி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றவர். அவர் போன காலத்தில் யாரும் ஃபேஸ்புக்கைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்கிறது. ஆக, கோச் பார்ப்பதற்கும் மேல் தூதரக அதிகாரியும் பார்ப்பார். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் வேலை செய்வதற்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால், மற்ற வீரர்களைப் போல இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் சம்பாதிக்கப் போய் விசாவுக்கே ஆபத்து வரலாம். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேட்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

'பதிவை நீக்கு' என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வது?

பதறி அழித்துவிடாதீர்கள். முதலில் பதிவையும் கடிதத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா என்று பாருங்கள். எந்த விதியின் எந்தப் பிரிவு, நீக்காவிட்டால் என்ன நடவடிக்கை என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல அலுவலகங்கள் இறங்கி வந்துவிடும். அணியில் இருப்பவர் என்றால் சீசன் தொடக்கத்தில் கையெழுத்திட்ட விதித்தாளை எடுத்துப் படியுங்கள், அதில் இல்லாததைக் கோச் வாய்மொழியாகக் கேட்டால் அதையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஃபயர் போன்ற அமைப்புக்கு எழுதலாம், மாணவர்களிடம் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை.